திரும்பி வராத நரம்பு

ஒரு காலத்தில் நான் என்னை முக்கால் டொக்டர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மிச்சக் காலும் ஏன் இல்லையென்றால், என் கையெழுத்து மற்றவர்களுக்கு விளங்கும். அதை விட்டால் வேறு குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சத்திரசிகிச்சைத் தியேட்டரில் தாதிய உத்தியோகத்தராக நின்று பத்து வருஷம் முடிவதற்குள், அட்டை கழன்ற உடற்கூற்றுப் புத்தகம் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, கழுத்து, நெஞ்சு என்ற இரண்டு அத்தியாயங்களையும் நெட்டுருப் பண்ணிவிட்டேன். கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் கழுத்தைப் பார்த்து, உள்ளே எந்த நரம்பு எந்த இரத்த நாடிக்குப் பின்னால் போகிறது என்று விளக்குவேன். அடுத்த பந்திக்கு அவர் வேறு கதிரை பார்த்துப் போய்விடுவார். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த முக்கால் டொக்டர்தான், பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெண்ணின் குரலைக் கட்டி வெட்டுவதற்கான நூலை, ஒருவரும் கேளாமல் எடுத்து நீட்டியவர்.

இதை இதுவரை எழுதவில்லை. எழுதும் எண்ணமும் இருக்கவில்லை. போன மாதம் என்னோடு வேலை செய்த பிள்ளைகள் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, புது மெசின் வந்திருக்கு, வந்து பாருங்கோ" என்றார்கள். ஓய்வு பெற்றவனை ஆஸ்பத்திரிக்கு நோயில்லாமல் கூப்பிடுவது பெரிய மரியாதை. நெடுந்தீவிலிருந்து காலைப் போட் எடுத்துப் போனேன்.

மெசின் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி அளவுதான். கழுத்தில் சத்திரசிகிச்சை நடக்கும்போது பென்சில் போன்ற ஒரு கம்பியால் தொட்டுப் பார்க்கிறார்கள். தொட்டது குரலுக்குப் போகும் நரம்பு என்றால் பெட்டி டொக் டொக் என்று சொல்லும். வேறெதையும் தொட்டால் பேசாமல் இருக்கும். முப்பது வருஷத்தில் இவ்வளவு அளவாகப் பேசும் ஒருவரை நான் தியேட்டரில் கண்டதில்லை.

"உது இல்லாமல் நீங்கள் எப்பிடியண்ணை நரம்பைக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று தர்ஷினி கேட்டாள். நான் விட்டுவிட்டு வந்த இடத்தில் இப்போது நிற்பவள் அவள்.

"கண்ணாலை," என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"கண் பிழைச்சால்?"

நிமிர்த்திய நெஞ்சை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அதை ஒருநாளைக்கு எழுதித் தாறன்" என்று சொல்லித் தப்பினேன். "எங்கடை ஆண்டு மலருக்கு இந்த மாசமே தாங்கோ" என்றாள். தப்பவில்லை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வருஷம் கட்டில் விரிக்கவும், ஊசி போடவும், ஏச்சு வாங்கவும் பழக்கினார்கள். மூன்றாவதில் நான் நல்ல தேர்ச்சி. தியேட்டருக்கு வந்த பிறகுதான் எனக்கென்று ஒரு திறமை இருப்பது தெரிந்தது. கை கழுவி, உடுப்பு மாற்றி, சத்திரவைத்தியருக்கு எதிரே நின்று ஆயுதங்களை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. சாதாரண ஆள் கேட்டபின் கொடுப்பான். கெட்டிக்காரன் கை நீளும்போதே கொடுப்பான். நான் கை நீள முதலே கொடுப்பேன். அவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பது அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். "இவர் நிண்டால் வாய் திறக்கத் தேவையில்லை" என்று ஒரு பெரிய டொக்டர் ஒருமுறை சொன்னார். அதை வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, "இஞ்சை நீங்கள் நிண்டால் எங்களுக்குத்தான் வாய் திறக்க ஏலாது" என்றாள்.

பிறகு புதுச் சத்திரவைத்தியராக மெடம் வந்தா.

பெயர் வேண்டாம், இந்தக் கட்டுரையில் பிழை விட்டது அவ இல்லை. கட்டையான ஆள். மேசை எட்டுவதற்காக ஒரு பலகைப் படியில் ஏறி நிற்பா. அந்தப் படியைக் கொண்டுவந்து வைக்கும் சிற்றூழியர் மூர்த்தியண்ணை, தான் வைத்தால்தான் சத்திரசிகிச்சை தொடங்கும் என்று ஊரில் சொல்லித் திரிந்தவர். ஒரு கணக்கில் அது உண்மையும்கூட. மெடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவா. மிகவும் கோபம் வந்தால் நாங்கள் குனிந்து கேட்கவேண்டும்.

கழுத்தில் கை வைக்கும் நாட்களில் அவவுக்கு மூன்று சட்டங்கள் இருந்தன. மயக்க மருந்து கொடுக்க முதல் நோயாளி மேசையில் படுத்தபடியே தனக்குப் பிடித்த ஏதோ ஒன்றை உரத்துச் சொல்லவேண்டும். மயக்கம் தெளிந்ததும் அதையே திரும்பச் சொல்லவேண்டும். திரும்பச் சொல்லும் வரைக்கும் நாங்கள் ஒருவரும் தேத்தண்ணி குடிக்கக்கூடாது. சிலர் கடவுளைக் கூப்பிட்டார்கள். ஒரு வாத்தியார் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னார். தெளிந்த பிறகு நடுவில் ஒரு பிழை விட, எங்களுக்குத் தேத்தண்ணி இன்னும் தாமதமாகியது.

நரம்புகளைப் பற்றி மெடம் பேசுவது, கடன்பட்ட சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலத்தான். எந்த மூலைக்குள் ஒளித்திருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் நோகடிக்கக்கூடாது. மார்பில் கட்டி எடுக்கும்போது, நெஞ்சின் பக்கச் சுவரில் ஓடும் ஒரு நீண்ட நரம்பைக் காட்டி, "இதை வெட்டினால் அந்தப் பக்கத் தோள் எலும்பு கோழிச் செட்டை மாதிரி எழும்பி நிக்கும். பேந்து அவ கொடியிலை உடுப்புக் காயப்போட ஏலாது" என்பா. கழுத்தில் நெறிக்கட்டி எடுக்கும்போது இன்னொன்றைக் காட்டி, "இது போனால் சீப்பெடுத்துத் தலை இழுக்கக் கை எழும்பாது." எங்கேயோ ஒரு கட்டியை எடுத்துவிட்டு, தோள் சரிந்து, இடக்கையால் வலக்கையைத் தூக்கித் தூக்கித் தலை இழுத்த மனிதர் ஒருவரை எங்கள் கிளினிக்கில் நானும் கண்டிருக்கிறேன். ஒரு மெல்லிய வெள்ளை நூல். நெத்தலிக் குடலைவிடச் சற்றுத் தடிப்பு. அவ்வளவுதான் ஒரு மனிதனின் கைக்கும் தலைமயிருக்கும் இடையில் உள்ள சம்பந்தம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது குரல் நரம்புதான். காரணம், அது எங்கள் ஆள். நெடுந்தீவுக்காரன் போல நடந்துகொள்ளும்.

மூளையிலிருந்து இறங்கிவரும் பெரிய நரம்பு ஒன்று குரல்வளைக்குப் பக்கத்தாலேயே போகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். குரலை இயக்கும் கிளை அந்த இடத்திலேயே பிரிந்து உள்ளே போயிருக்கலாம். போகாது. இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து எழும்பும் பெருநாடியைச் சுற்றி வளைந்து, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் உள்ள பள்ளத்தால் மறுபடி மேலே வந்துதான் குரல்வளைக்குள் நுழையும். வலப்பக்கம் அவ்வளவு தூரமில்லை. காரை எலும்புக்குப் பின்னால் கைக்குப் போகும் நாடியைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். நெடுந்தீவிலிருந்து பார்த்தால் நயினாதீவு தெரிகிறதுதானே? ஆனால் அங்கே போவதென்றால் குறிகட்டுவானுக்குப் போட் எடுத்து, இறங்கி, வேறு போட் ஏறித் திரும்பக் கடலுக்குள் வரவேண்டும். அதே கதைதான். இந்த உதாரணத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். நெடுந்தீவு ஆட்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்கு எங்கள் போட் நேரமும் சேர்த்து விளக்கவேண்டியிருக்கும்.

திரும்பி வரும் நரம்பு. அதைப் பள்ளத்துக்குள் தேடவேண்டும். கண்டபின்தான் கழலையை, அதாவது வீங்கிய தைரொயிட் சுரப்பியை, வெட்டி எடுக்கவேண்டும். இதுதான் நான் நெட்டுருப் பண்ணிய வேதம்.

இனிச் செல்வராணி அக்கா.

குறிகட்டுவான் துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவ. பஸ் வந்து நிற்கும் இடத்துக்கும் போட் கட்டும் இடத்துக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட கடை. என்னைவிட நாலைந்து வயசு மூப்பு. அவவின் தேத்தண்ணியைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல இயலாது. ஆனாலும் கடையில் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். வெயிலில் போட்டுக்குள் போய் அவிந்துகொண்டு இருக்கத் தேவையில்லை. அக்கா ஒரு கண்ணைக் கேத்தலிலும் மற்றக் கண்ணைத் துறையிலும் வைத்திருப்பா. போட் புறப்படும் நேரம் கதவடியில் வந்து நின்று ஒரு குரல் கொடுப்பா:

"நெடுந்தீவு ஆக்கள் ஓடி வாங்கோ, கட்டவிழ்க்கிறாங்கள்!"

அந்தக் குரல் துறையின் மறுமுனையில் சிறுநீர் கழிக்கப் போனவரையும் அரைவாசியில் திருப்பிக் கொண்டுவரும். பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு விடுமுறைக்கும் என்னை வீட்டுக்கு அனுப்பியது அந்தக் குரல்தான். குரல் இல்லையென்றால் கடையும் இல்லை. புருஷன் கடலில் போனபின் இரண்டு பெட்டைப் பிள்ளைகளை அந்தத் தகரத்துக்குக் கீழேதான் படிப்பித்துக்கொண்டிருந்தா.

கழலை வருஷக் கணக்காக இருந்தது. மாங்காய் அளவுக்கு வந்தபிறகுதான் கிளினிக்குக்கு வந்தா. எடுக்கத்தான் வேண்டும் என்று மெடம் சொன்னா. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பின்னேரம் வார்ட்டுக்குப் போய் அவவைப் பார்த்தேன்.

இங்கே எங்கள் தீவுப்பகுதி ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். டொக்டர் வந்து, "வேறை ஏதும் வருத்தம் இருக்கே?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை ஐயா" என்பார்கள். அவரைக் கரைச்சல்படுத்தக்கூடாதாம். அவர் போனபின், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் "எங்கடை ஆள்" ஒருவரைக் கூப்பிட்டுக் கிட்ட இருத்தி, எல்லாவற்றையும் சொல்வார்கள். எங்கடை ஆளிடம் சொன்னால் டொக்டரிடம் சொன்ன மாதிரி. அது சிற்றூழியராகவும் இருக்கலாம், அம்புலன்ஸ் ஓட்டுபவராகவும் இருக்கலாம். அந்த வார்ட்டில் அன்றைக்கு எங்கடை ஆள் நான்.

"தம்பி, ஒரு கதை," என்றா. "எனக்குச் சோறு நெஞ்சுக்குள்ளை நிண்டு நிண்டுதான் போகும்."

"கழலை அமத்துதக்கா. எடுத்தாச் சரி."

"கழுத்திலை இல்லைத் தம்பி. இஞ்சை." நெஞ்சின் நடுவில் விரலை வைத்துக் காட்டினா. "அதுகும் இண்டைக்கு நேற்று இல்லை. சின்னனிலையே. கொம்மா உனக்குப் பாணைத் தேத்தண்ணியிலை நனைச்சுத்தான் தாறவ எண்டு என்ரை கூட்டாளியள் பகிடி பண்ணுவாளவை."

"டொக்டரிட்டைச் சொன்னனீங்களே?"

"அவர் பாவம், சின்னப் பெடியன். பயந்திடுவார். உம்மட்டைச் சொல்லிப்போட்டன்தானே."

சிரித்தேன். முக்கால் டொக்டருக்குத் தெரியாதா? கழலை உள்ளவருக்கு விழுங்கக் கஷ்டம். நெஞ்சைக் காட்டினாலென்ன, வயிற்றைக் காட்டினாலென்ன, காரணம் கழலை. கையிலிருந்த படிவத்தில் பல்லுச்செட் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று எழுதினேன். மற்றதை எழுதவில்லை.

காலையில் மேசையில் படுத்தபடி, மேல்வரிசைப் பல்லுச்செட்டைக் கழற்றமாட்டேன் என்று அக்கா பிடிவாதம். பொக்கை வாயோடு மெடத்தின் முன்னால் வாய் திறக்கமாட்டாவாம். கடைசி நிமிஷத்தில் கழற்றி வாங்கி, தெளிந்ததும் திருப்பித் தாறேன் என்று நானே பொறுப்பேற்றேன். "உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுங்கோ" என்றா மெடம். அக்கா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "நெடுந்தீவு ஆக்கள் ஓடி வாங்கோ, கட்டவிழ்க்கிறாங்கள்!" என்றா. வெளி விறாந்தையில் மூர்த்தியண்ணை எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. மெடத்தின் முகமூடிக்கு மேலே கண்கள் சிரித்தன. அதற்கு முன்னும் பின்னும் தியேட்டரில் அவ சிரித்து நான் காணவில்லை.

இடப்பக்கம் சுகமாகப் போனது. மேல் முனையில் நாடிகளைக் கட்டும்போது மெடம் சுரப்பியோடு ஒட்டி ஒட்டிக் கட்டினா. "இதுக்குப் பக்கத்திலை மேல் சுருதிக்குப் போற சின்ன நரம்பு ஒண்டு இருக்கு. இவவுக்கு அது முக்கியம். கூப்பிடுற தொழில்." பள்ளத்துக்குள் திரும்பி வரும் நரம்பு, புத்தகத்தில் கீறியபடி, வெள்ளையாகக் கிடந்தது. சுரப்பியின் அந்தப் பாதி வெளியே வந்தது.

வலப்பக்கம் நரம்பைக் காணவில்லை.

மெடம் பள்ளத்துக்குள் தேடினா. கீழே தேடினா. உதவிக்கு நின்ற சின்ன டொக்டரை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி தேடினா. கால்மணித்தியாலம் போனது. அரைமணித்தியாலம் போனது. எனக்குச் சலிப்பு. அந்த இடத்தில் குறுக்காக, பக்கத்திலிருந்து குரல்வளையை நோக்கி ஒரு மெல்லிய தண்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே இரத்தம் படிந்து மங்கலாக இருந்தது. சுரப்பிக்குப் போகும் நாடி அந்த மட்டத்தில்தான் குறுக்கே வரும் என்பது என் நெட்டுரு. அதைக் கட்டினால் சுரப்பி எழும்பும், நரம்பும் தெரியும், வேலையும் முடியும். அடுத்து என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். வளைந்த கவ்வியின் நுனியில் நூலைப் பூட்டி வைத்தேன்.

மெடத்தின் வலக்கை மேசைப் பக்கம் திரும்பி விரிந்தது.

வைத்தேன்.

கை அதை வாங்கிவிட்டது. கைக்குப் பழக்கம், வாங்கும். கவ்வி கழுத்துக்குள் போனது. வளைந்த நுனி அந்தத் தண்டுக்குக் கீழால் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. நூலை இழுத்து முடிச்சுப் போடுவதுதான் மிச்சம்.

அங்கேயே நின்றது.

மெடம் ஏதோ சொன்னா. ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் குனிந்தேன்.

"நான் இதைக் கேட்டனானே?"

"மெடம், கை நீட்டி..."

"ஈரத்துணிக்கு நீட்டினனான்."

கவ்வியை, வந்த வழியாலேயே, மயிரிழை மயிரிழையாக வெளியே எடுத்தா. அதை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்தா. நான் ஈரத்துணி கொடுத்தேன். துடைத்துவிட்டு, விரல் நுனியை அந்தத் தண்டின்மேல் வைத்துப் பொறுத்திருந்தா.

"துடிக்கேல்லை," என்றா.

நாடியென்றால் துடிக்கும். துடிக்காத அந்தத் தண்டைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகக் கழுத்தின் கரைக்குப் போனா. அது நேராகப் போய், மூளையிலிருந்து இறங்கும் அந்தப் பெரிய நரம்பில் சேர்ந்தது. மேசையில் கிடந்த கவ்வியிலிருந்து நூலைக் கழற்றினேன்.

"இது நெஞ்சுக்குப் போய்த் திரும்பி வரேல்லை," என்றா மெடம். "பெரிய நரம்பிலை இருந்து நேரை வந்திருக்கு."

எல்லோரும் குறிகட்டுவான் சுற்றிப் போகும்போது, செல்வராணி அக்காவின் வலப்பக்க நரம்பு சொந்தப் போட் வைத்திருந்திருக்கிறது.

அபூர்வம், ஆனால் காரணமில்லாமல் வராது. வலக்கைக்குப் போகும் நாடி தன் வழமையான இடத்தில் இருந்தால்தான் நரம்பு அதைச் சுற்ற வேண்டும். சிலருக்குப் பிறக்கும்போதே அந்த நாடி இடம்மாறி, பெருநாடி வளைவின் கடைசிக் கிளையாகக் கிளம்பி, உணவுக்குழாய்க்குப் பின்னால் நெஞ்சைக் குறுக்கறுத்துப் போகும். அப்போது நரம்புக்குச் சுற்ற ஒன்றுமில்லை. நேரே வந்துவிடும். மெடம் இதைச் சின்ன டொக்டருக்குச் சொல்லிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டா:

"பின்னாலை நாடி போனால் உணவுக்குழாயை அமத்தும். இவ விழுங்கிறதைப் பற்றி ஏதும் சொன்னவவே?"

"கேட்டனான் மெடம், ஒண்டுமில்லை எண்டவ," என்றார் சின்ன டொக்டர்.

பேசாமல் இருந்திருக்கலாம். படிவத்தில் இல்லை. ஒருவருக்கும் தெரியாது. என் வாய் தானாகத் திறந்தது.

"சொன்னவ மெடம். என்னட்டை. சோறு நெஞ்சுக்குள்ளை நிக்குதாம். சின்னனிலையே."

"ஏன் எழுதேல்லை?"

"கழலை அமத்துது எண்டு நினைச்சனான்."

இம்முறை குனிந்தும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்ன டொக்டர் பிறகு சொன்னார்: "நினைச்சதையும் எழுதேல்லையே."

முப்பது வருஷத்தில் நான் வாங்கிய ஏச்சு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டினாலும் அந்த இரண்டு சொல்லின் பாரம் வராது. கேட்காததை எடுத்து நீட்டினேன். கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லித் தந்ததைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன்.

உண்மையான நாடி கொஞ்சம் கீழே இருந்தது. துடித்தது. மெடம் கேட்டபின் நூல் கொடுத்தேன்.

தெளியும் அறைக்குக் கொண்டுபோனோம். மெடம் உடுப்பு மாற்றாமல் கட்டிலருகே கதிரை போட்டு இருந்தா. நரம்பை வெட்டவில்லை, ஆனால் கவ்வியின் நுனி கீழால் போயிருக்கிறது. அந்த மெல்லிய நூலுக்கு ஒரு இழுவையே போதும். அக்கா கண்ணைத் திறந்தா. எங்களைப் பார்த்தா.

"சொல்லுங்கோ அம்மா."

பேசவில்லை.

"போட்டுக்குக் கூப்பிட்டனீங்களே, அதைச் சொல்லுங்கோ."

அக்கா தலையை இல்லையென்று ஆட்டினா. உதடு அசைந்தது. வெறும் காற்றுத்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் வடிந்தது. மெடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. தகரக் கூரையும், இரண்டு பெட்டைகளும், கதவடியில் வந்து நின்று வாயைத் திறந்து சத்தம் வராமல் நிற்கும் அக்காவும் வரிசையாக வந்தார்கள். வெயிலில் போட்டுக்குள் போய் இருக்கும் சனமும் தெரிந்தது.

அக்கா ஊசி ஏற்றிய கையை மெல்லத் தூக்கி வாயைப் பொத்தினா. மற்றக் கையால் என்னைக் காட்டினா. ஓம், இவன்தான் என்று அடையாளம் காட்டுகிறா என்று நினைத்தேன்.

மூர்த்தியண்ணைதான் கதவடியில் நின்று சொன்னார்: "ஐசே, மனிசியின்ரை பல்லை எங்கை வைச்சிருக்கிறீர்?"

என் எழுத்து மேசையில், மூடிய கிண்ணத்துக்குள், தண்ணீரில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். மெடம் சற்றுப் பொறுக்கச் சொன்னா. நல்லாகத் தெளிந்தபின் தானே வாங்கிப் பூட்டிவிட்டா. அக்கா ஒருமுறை செருமினா. கரகரத்தது. ஆனால் குரல்.

"நெடுந்தீவு ஆக்கள்..." என்று தொடங்கி, மூச்சு வாங்கி, என்னைப் பார்த்து, "பல்லில்லாத வாயோடை பெரிய டொக்டருக்கு முன்னாலை என்னைக் கத்தச் சொல்லுறியளே? வெக்கமில்லையே உமக்கு?" என்றா.

மெடம் எழும்பினா. "தேத்தண்ணி குடியுங்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனா. நான் குடிக்கவில்லை. பல்லுக் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

பிறகு எடுத்த ஸ்கானில் அந்த நாடி, மெடம் சொன்னபடியே, உணவுக்குழாய்க்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, மென்று சாப்பிடுங்கோ என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர்கள் கேட்காமல் நான் எதையும் கொடுக்கவில்லை. "அண்ணைக்கு வயசு போட்டுது, கை பிந்துது" என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசியது எனக்குத் தெரியும். திருத்தவில்லை. இப்போதுதான் திருத்துகிறேன்.

எழுதுவதற்கு முன் அக்காவிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று பட்டது. பதினொரு வருஷமாக அவவுக்கு எதுவும் தெரியாது. பெட்டைகள் இரண்டு பேரும் உத்தியோகமாகி, ஒருத்தி கலியாணமும் முடித்து, கடைக்குத் தகரம் போய் ஓடு வந்துவிட்டது. கழுத்தில் தழும்பு ஒரு மெல்லிய சங்கிலி மாதிரித்தான் தெரியும். மெசின் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று பின்னேரம், கடைசிப் போட்டுக்கு நேரமிருந்தபடியால், கடைக்குள் போய் ஒரு பிளேன்ரீ சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொள்வது லேசான காரியமில்லை. ஆதியிலிருந்து விளக்கவேண்டும். பழைய பேப்பர் ஒன்றை விரித்து, பேனையால் கழுத்து கீறி, நெஞ்சு கீறி, இது நெடுந்தீவு, இது நயினாதீவு, இந்தப் பெருநாடிதான் குறிகட்டுவான் என்று காட்டினேன். நூலைப் பற்றிச் சொன்னேன். சோறு நெஞ்சுக்குள் நின்றதை எழுதாமல் விட்டதைச் சொன்னேன். அக்கா பேப்பரைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றா. முகம் மாறியது. அதிர்ச்சி, பாவம், தாங்கட்டும் என்று பொறுத்தேன்.

திடீரென்று கதவடிக்கு வந்து நின்று கூப்பிட்டா:

"நெடுந்தீவு ஆக்கள் ஓடி வாங்கோ, கட்டவிழ்க்கிறாங்கள்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் அவவின் பதில். மன்னித்துவிட்டேன், பார், குரல் அப்படியே இருக்கிறது என்கிறா. எவ்வளவு பெரிய மனசு.

மறுபடியும் கூப்பிட்டா, இன்னும் உரத்து.

"ஓமக்கா, விளங்குது," என்றேன். "மேல் சுருதியும் பழுதில்லை. அது வேறை நரம்பு. அதையும் மெடம் கவனமாத்தான்..." பேப்பரில் அந்தச் சின்ன நரம்பையும் கீறத் தொடங்கினேன்.

மூன்றாம் தரம் கூப்பிட்டபோது ஓட்டுக்கு மேலிருந்த காகம் பறந்தது. நான் கீறி முடித்து நிமிர்ந்தேன். துறையில் போட் இல்லை. கடைசிப் போட் கடலில் நெடுந்தீவுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்குக் கைகாட்டினார்.

அக்கா உள்ளே வந்து, ஆறிப்போன என் பிளேன்ரீயை எடுத்து வெளியே ஊற்றினா.

"தம்பி, அண்டைக்கு அந்த டொக்டர் மனிசி அவ்வளவு நேரம் மினக்கெட்டுத் தேடினது என்ரை குரல் நரம்பை. உம்மடை காது நரம்பையெல்லோ தேடியிருக்கோணும்."